லாரியிலிருந்து இறக்கும் முன்

ஆடி மாதம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தை, கொங்கு நாட்டிலேயே குதிரைகள் மிக நெருக்கமாக நிற்கும் இடம். திப்பு சுல்தான் காலம் தொட்டு நடப்பதாகச் சொல்லப்படும் இந்தச் சந்தைக்கு நாட்டு மட்டக்குதிரையும் வருகிறது, மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நுக்ரா என்று லட்சங்களில் விலை பேசப்படும் குதிரையும் வருகிறது. சில நாட்கள் பக்கத்துப் பக்கத்தில் கட்டிக் கிடந்து, ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து, பிறகு கோவை, திருப்பூர், கரூர், சேலம் என்றும் கர்நாடகத்துக்கும் பிரிந்து போகின்றன. நோய்ப் பரவலைக் கணக்கிடுகிறவர்களுக்கு அந்தக் கூட்டத்தைவிட, கூட்டம் கலைந்து போகும் திசைகளே கவலை தரும். மாட்டுப் பொங்கலை ஒட்டி நடக்கும் குதிரை ரேக்ளாப் பந்தயத்துக்கும், கோவையைச் சுற்றிப் பெருகிவரும் சவாரிப் பள்ளிகளின் போட்டிகளுக்கும் இது பொருந்தும். குதிரைகள் கூடும் எந்த நிகழ்விலும், வண்டியிலிருந்து இறக்கும் முன்பே ஆய்வகப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு. பார்வையால் எழுதிக் கொடுக்கும் உடல்தகுதிச் சான்று அதற்கு ஈடாகாது.

அந்தச் சான்று சட்டத்துக்குப் புதிதல்ல. குதிரைகளை ஏற்றிச் செல்லும்போது, அவை பயணத்துக்குத் தகுதியானவை, தொற்றுநோய் இல்லாதவை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று உடன் இருக்க வேண்டும் என்று 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளே சொல்கின்றன. தொற்றுநோய் இல்லை என்று கையெழுத்திடும் கால்நடை மருத்துவர்களான நாம் எதை வைத்து அதைச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. வெப்பமானி, மூக்குத் துவாரம், கண்ணிமை, தாடைக்கடியில் நிணநீர்க் கட்டி, குளம்பு, நடை: இவ்வளவும் சரியாக இருந்தாலும் கிளாண்டர்ஸ் இருக்கலாம். பர்கோல்டேரியா மாலியை என்ற பாக்டீரியாவால் வரும் இந்நோய் கழுதையிலும் கோவேறு கழுதையிலும் வேகமாக முற்றிவிடும். குதிரையிலோ மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். மூக்கில் பசை போன்ற சளியும் உள்ளே புண்ணும், தோலில் வரிசையாகக் கட்டிகளும் தெரிவதற்குள் அந்தக் குதிரை எத்தனை தொட்டியில் வாய் வைத்திருக்கும், அதன் தீவனப் பையை எத்தனை குதிரைக்கு மாட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் இது. லாயத்தில் படுத்துறங்கும் பராமரிப்பாளரும், கையுறை போடாமல் மூக்கைத் திறந்து பார்க்கும் நாமும்தான் முதலில் ஆபத்தில் இருப்பவர்கள்.

தமிழ்நாட்டில் இந்த நோய் பெரிதாக இல்லையே, இல்லாத நோய்க்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் நம் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். குதிரையின் இனப்பெயரே இதற்குப் பாதிப் பதில். மார்வாரி ராஜஸ்தானத்தின் குதிரை, கத்தியவாரி குஜராத்தின் குதிரை. கிளாண்டர்ஸ் ஒழிந்தது என்று ஏறத்தாழ நம்பப்பட்டிருந்த நிலையில் 2006இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் தலைகாட்டி, உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் தொடர்ந்தது. பின்னர் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் டெல்லியிலும் கண்டறியப்பட்டது. 1899இலேயே இதற்கெனத் தனிச்சட்டம் போட்ட நாடு இது. 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, கிளாண்டர்ஸைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. 2019இல் தேசியச் செயல்திட்டம் வந்தது, 2025இல் அது திருத்தப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, வடக்கே கண்காணிப்பில் உள்ள ஒரு பகுதியிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் லாரியில் வரும் ஒரு குதிரையை, கொங்கு நாட்டுச் சந்தை வாசலில் எல்லா இடத்திலும் ஒரே சீராக யாரும் கேள்வி கேட்பதில்லை. நோய் இல்லாத ஊர் என்பது அதை உள்ளே விடாமல் காக்க வேண்டிய ஊர்.

கேட்டு வாங்கும் தாளால் நோய் குறையுமா என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் நல்ல சான்று. குதிரைத் தொற்று இரத்தச்சோகைக்குத் தடுப்பூசி இல்லை, சிகிச்சை இல்லை. ஒருமுறை தொற்றிய குதிரை சாகும்வரை வைரஸைச் சுமக்கும். குதிரை ஈயும், கழுவாமல் மாற்றிப் போடும் ஊசியும் அதைப் பரப்பும். 1970களின் தொடக்கத்தில் லிராய் காகின்ஸ் என்ற அறிஞர் எளிய குருதிச் சோதனை ஒன்றை நிலைநாட்டினார். அப்போது அங்கே சோதித்த மாதிரிகளில் 4 சதவீதத்துக்கு அருகில் நோய் இருந்தது. மாநில எல்லை தாண்ட, போட்டியில் இறங்க, விற்பனைக்கு நிறுத்த என்று ஒவ்வொரு வாசலிலும் காகின்ஸ் அறிக்கையைக் கேட்கத் தொடங்கினார்கள். இன்று அந்த நோய் விகிதம் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. மருந்து இல்லாத ஒரு நோயை வெறும் சோதனையும் சரிபார்ப்பும் தனிமைப்படுத்தலும் இவ்வளவு தூரம் ஒடுக்கியிருக்கின்றன. அதே அமெரிக்காவில் இன்று எஞ்சியிருக்கும் தொற்றில் பெரும்பகுதி, உரிமமில்லாமல் நடக்கும் கிராமத்துப் பந்தயங்களில் ஓடும் குதிரைகளிடம் இருக்கிறது. யாரும் தாள் கேட்காத, ஊசியைப் பகிர்ந்துகொள்ளும் இடங்கள் அவை. ரேக்ளாத் திடல்களில் பணிக்கு நிற்கும் இளம் மருத்துவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். ஒரு குதிரைக்கு ஒரு ஊசி என்பதில் சமரசமே கூடாது.

அடுத்த மறுப்பு கனமானது. அறிக்கை என்பது குருதி எடுத்த நாளின் நிலவரம், அதன்பின் தொற்றினால் அது எப்படிச் சொல்லும் என்கிறார்கள். குதிரை இன்ஃபுளுயன்சாவைப் பொறுத்தவரை இந்த வாதம் முற்றிலும் சரி. ஒன்றிரண்டு நாளில் வெளிப்பட்டு, இருமலில் தெறித்துப் பரவும் நோய்க்குப் போன மாதத்துத் தாள் பயன்படாது. 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் மெய்ட்லாண்டில் ஒரு வார இறுதியில் நடந்த குதிரையேற்றப் போட்டியிலிருந்து கிளம்பிய குதிரைகள், நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் அந்நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 2008இல் ஜம்முவின் கத்ராவில், வைஷ்ணவதேவி யாத்திரைப் பாதையில் தொடங்கிய தொற்று நம் நாட்டின் பல மாநிலங்களுக்குப் போனது. 2025இல் கேதார்நாத் யாத்திரைக்கு முன் உத்தராகண்ட் அரசு ஆயிரக்கணக்கான குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் சோதித்த பிறகும், மே மாதத் தொடக்கத்தில் விலங்குகள் இறந்ததால் அவற்றின் நடமாட்டத்தைச் சில நாள் நிறுத்த வேண்டியிருந்தது. ஆகவே இன்ஃபுளுயன்சாவுக்கு நாம் கேட்க வேண்டியது தடுப்பூசிப் பதிவு. வாசலில் செய்ய வேண்டியது வெப்பநிலை பார்ப்பது. கிளாண்டர்ஸும் தொற்று இரத்தச்சோகையும் வேறு வகை. உடலில் நீண்டகாலம் தங்கும் நோய்களுக்குச் சில வாரம் முந்தைய அறிக்கை இன்றும் பேசும். எல்லா நோய்க்கும் ஒரே தாள் கேட்பதும், ஒரு நோய்க்குப் பயன்படவில்லை என்று எல்லாத் தாளையும் ஒதுக்குவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று, பொய் நேர்மறை. சோதனை 99 சதவீதம் துல்லியமானது என்று வைத்துக்கொண்டாலும், நோயே இல்லாத ஆயிரம் குதிரைகளில் பத்துக்கு அது ‘நோய் உண்டு’ என்று சொல்லிவிடும். நம் மண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிளாண்டர்ஸ் கிருமியின் நெருங்கிய உறவான பர்கோல்டேரியா சூடோமாலியை, அதாவது மெலியாய்டோசிஸ் கிருமி, தென்னிந்தியாவில் இருக்கிறது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் அதை எதிர்கொண்ட குதிரையின் குருதி, கிளாண்டர்ஸ் சோதனையில் குறுக்கு வினை காட்டக்கூடும். எலிசா என்ற குருதிச் சோதனையில் நேர்மறை வந்த மாதிரியை, ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தின் வழியே காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன் சோதனையால் உறுதிசெய்யாமல் எந்த முடிவும் எடுக்கலாகாது. இந்தக் காரணத்தாலேயே சோதனையைச் சந்தை வாசலில் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறோம். ஆயிரம் பேர் சூழ நிற்கும் இடத்தில் ஒரு குதிரைக்கு ‘பாசிட்டிவ்’ என்று வாய்தவறிச் சொன்னால், மறுசோதனை முடிவு வருவதற்குள் அந்த உரிமையாளரின் பெயரும் அவர் தொழிலும் போய்விடும். குருதி எடுப்பது குதிரையின் சொந்த ஊரில், மூன்று நான்கு வாரம் முன்னதாக நடக்க வேண்டும். ஐயமான முடிவு வந்தால் அமைதியாக மறுமுறை பார்க்க அங்கே காலம் உண்டு. வாசலில் செய்வது சரிபார்ப்பு மட்டும்: தாளைப் படித்து, குதிரையோடு ஒப்பிட்டு, உள்ளே விடுவதோ தனியே நிறுத்துவதோ.

ஒப்பிடுவது என்று எழுதுவது சுலபம். ‘பழுப்பு நிறம், ஆண், வயது ஐந்து’ என்று எழுதிய சான்று சந்தையில் நிற்கும் பாதிக் குதிரைகளுக்குப் பொருந்தும். அதைக் கைமாற்றிக் காட்டினால் நமக்குத் தெரியப்போவதில்லை. கழுத்தின் இடப்புறம் செலுத்தும் பதினைந்து இலக்க மைக்ரோசிப் சிறந்த வழிதான், ஆனால் அதைப் படிக்கும் கருவி எல்லா மருந்தகத்திலும் இல்லை. அதுவரை நம் ஊர்க்காரர்களின் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது: சுழி. அந்தியூரில் குதிரை பார்க்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் விலாவிலும் விரலை ஓட்டி, முடி எங்கே சுழிக்கிறது என்று தேடுவார். அவர் ராசியைப் பார்க்கிறார், நாம் அடையாளத்தைப் பார்க்கலாம். அந்தச் சுழிகளின் இடமும் எண்ணிக்கையும் குதிரைக்குக் குதிரை மாறுவதால், சர்வதேசப் போட்டிகளுக்கான குதிரைக் கடவுச்சீட்டின் கோட்டுப்படத்திலும் சுழி இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி போடுகிறார்கள். குருதி எடுக்கும் மருத்துவர் அதே தாளில் குதிரையின் இருபக்க வரைபடத்தில் சுழிகளையும் வெள்ளைக் குறிகளையும் குறித்துவிட்டால், வாசலில் நிற்பவர் ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம். ஏமாற்ற நினைப்பவரைவிடச் சுழி பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தத் திடலில் அதிகம்.

ஏழை வண்டிக்காரரின் மீது இன்னொரு சுமையா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. உறுதியான கிளாண்டர்ஸ் குதிரைக்குச் சிகிச்சை தர அனுமதி இல்லை, கருணைக்கொலைதான் விதி. மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து தரும் இழப்பீடு, சந்தையில் ஒரு நல்ல குதிரைக்குப் பேசப்படும் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அப்படியிருக்க, உரிமையாளர் தானாக முன்வந்து குருதி தருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிழைப்பே குதிரையாக இருப்பவர் சோதனையைக் கண்டு ஒளிந்தால் அது அவருடைய குற்றமும் இல்லை. இனத்துக்கும் வயதுக்கும் ஏற்ப இழப்பீட்டை உயர்த்தி, மாதங்கள் இழுக்காமல் தர வேண்டும் என்று நம் சங்கங்கள் அரசிடம் வலியுறுத்த வேண்டும். வாசலில் தாள் கேட்கும் உரிமை நமக்கு அப்போதுதான் முழுமையாக வரும். ஆனால் இழப்பீடு உயரும்வரை காத்திருக்கலாம் என்பதை ஏற்க முடியவில்லை. ஒரு நோய்க் குதிரையால் சந்தை முழுவதும் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டால், அந்தச் சீசனில் வருமானத்தை முதலில் இழப்பவரும் அதே வண்டிக்காரர்தான்.

திருவிழாவில் இதெல்லாம் நடக்காத காரியம் என்பவர்களுக்குக் கோவை செட்டிபாளையத்து ஜல்லிக்கட்டைக் காட்டலாம். 2017 விதிகளுக்குப் பிறகு ஜல்லிக்கட்டுக் காளைகள் முன்பதிவு செய்து, மருத்துவர் பார்த்துத் தகுதி சொன்ன பிறகே வாடிவாசலுக்குப் போகின்றன. மரபுக்கு எதிரானது என்று தொடக்கத்தில் முணுமுணுத்தவர்களும் இன்று டோக்கனோடு வரிசையில் நிற்கிறார்கள். ரேக்ளாவிலும் மட்டக்குதிரையை நிறுத்தி, எத்தனை இஞ்ச் உயரம் என்று கோல் வைத்து அளந்துதான் பிரிவு பிரிக்கிறார்கள். அரை இஞ்சுக்காக அங்கே நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்தவர்களுக்கு, விழாக் குழுவினர் சரிபார்ப்பில் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்று தெரியும். அளவுகோல் பிடிக்கும் அதே இடத்தில் இன்னொருவர் அறிக்கையையும் வாங்கிப் பார்க்கலாம். சவாரிப் பள்ளிகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸாஜ் குழுப் பிரிவில் தங்கம் வென்ற நம் வீரர்கள் ஐரோப்பாவில் இருந்த குதிரைகளோடு பயிற்சி செய்தவர்கள். இந்தியாவிலிருந்து குதிரை வெளிநாடு போவதில் நோய்த்தடுப்பு விதிகள் அவ்வளவு தடையாக இருந்தன. 2025இல் மீரட்டில் ராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவு வளாகம் உலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரத்தோடு நோயற்ற தனிப்பகுதியானதும் அந்தத் தடை தளரத் தொடங்கியது. அங்கே கிளாண்டர்ஸும் தொற்று இரத்தச்சோகையும் இன்ஃபுளுயன்சாவும் சர்ரா நோயும் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. கோவைக் குழந்தைகள் ஏறும் குதிரைக்கும் அதுபோன்ற பதிவேடு தேவை.

வரும் ஆடிக்கு இதைத் தொடங்க முடியும். வைகாசியிலேயே விழாக் குழு, கால்நடை பராமரிப்புத் துறை, மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவு மூன்றும் உட்கார்ந்து, எந்தத் தேதிக்குப் பிந்தைய எலிசா அறிக்கை செல்லும் என்று அறிவிக்க வேண்டும். வெளிமாநிலக் குதிரைகளுக்கு முதல் ஆண்டே கட்டாயம், உள்ளூர் மட்டக்குதிரைகளுக்கு முதல் ஆண்டு இலவசமாகக் குருதி எடுத்துக் கொடுத்து, இரண்டாம் ஆண்டில் கட்டாயம் என்று படிப்படியாகப் போகலாம். தாள் இல்லாமல் வந்துவிட்ட குதிரையைத் திருப்பி அனுப்பினால் அது வேறு வழியாக உள்ளே வரும். அதற்குச் சந்தையிலிருந்து விலகிய ஒரு தனிக் கொட்டகையும், தனித் தொட்டியும், தனி வாளியும் ஒதுக்கிக் குருதி எடுக்க வேண்டும். இந்தச் செலவு எல்லாம் யாருடையது என்பதுதான் இன்னும் பேசித் தீராதது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குதிரைக்கும் வசூலிக்கும் சந்தைக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம் என்பது எங்கள் யோசனை. வேறு வழி தெரிந்தவர்கள் அடுத்த இதழுக்குள் எழுதுங்கள்.