ராஜியாகப் பிரிந்தாலும் கணக்கைக் காட்டு!

போனஸ் கேட்டால் மில் முதலாளி நஷ்டம் என்கிறான். “வரவு செலவுக் கணக்கை வை” என்று நாம் வாயிற்கூட்டம் போடுகிறோம். அதே தொழிலாளி மனைவியோடு ராஜியாகப் பிரியும்போது, பி.எப். எவ்வளவு, தோப்பில் பங்கு எவ்வளவு என்று அவள் கேட்டால் மட்டும் சீறுவது என்ன நியாயம், தோழர்களே?

நத்தம் பக்கம் சண்டையில்லாமல் பிரிவதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பெரியவர்கள் கூடி ஒரு தொகையைச் சொல்லி, ‘இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை’ என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது?

ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பாரும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020 நவம்பரில் உத்தரவிட்டது. வழக்காடுகிறவளுக்குக் கிடைக்கும் கணக்கு, சமாதானமாகப் போகிறவளுக்கு ஏன் கூடாது?

சொத்து புருஷன் பேரில்தானே என்பார்கள். கணவன் வெளிநாட்டில் சம்பாதித்தபோது வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தில் சேர்ந்திருக்கிறது, அவளுக்குச் சரிபாதி உண்டு என்று 2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதைச் சட்டமாக்க டில்லி சர்க்காருக்கு மனமில்லை. நம் பெண்களோ வீட்டையும் காத்து, களையெடுத்த கூலியையும் மில் சம்பளத்தையும் அதே தோப்பில் போட்டவர்கள்!

பிள்ளையின் ஜீவனாம்சத்தைத் தாயே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. பெண்ணுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. திண்டுக்கல் சட்டப்பணிக் குழுவில் கேட்கலாம்.

பஞ்சாயத்தில் உட்காரும் தோழர்கள், கணக்கு வருமுன் கையெழுத்துக் கேட்க வேண்டாம். அவன் செலவழித்து, அவள் பேரில் நிற்கும் மகளிர் குழுக் கடனும் அந்தக் கணக்கில் வரட்டும்.