அகாடமியை மூடிவிட்டால் ஊழல் ஒழியுமா?



2025 குறுவை அறுவடை முடிந்த கையோடு நம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ராணுவ அதிகாரியாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்காகப் புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேரத் தேர்வு எழுதப்போகிறாள். இது எப்படியோ ஒரு தரகரின் காதுக்கு எட்டியிருக்கிறது. "எழுத்துத் தேர்வை மட்டும் பிள்ளை பாஸ் பண்ணட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பெரிய தொகை ஒன்றைக் கேட்டிருக்கிறார் அவர்.

"நெல்லுப் போட்ட பணம் கையில இருக்கு சாமி. கொடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டவர், நாம் வாய் திறப்பதற்குள் அவரே கோபமாக, "அங்கயும் காசுதான்னா அந்தக் காலேஜையே இழுத்து மூடிட வேண்டியதுதானே?" என்றார்.

அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட நம்மால் முடியவில்லை. 2012-ஆம் ஆண்டு அந்த அகாடமியில் கீழ்நிலைப் பணியாளர்களை நியமிக்க லஞ்சம் வாங்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. கைதானவர்களில் ஒரு கர்னலும் இருந்தார். 2018-இல் அதே அகாடமியின் முதல்வர் மீதும் பேராசிரியர்கள் சிலர் மீதும், பொய்யான அனுபவச் சான்றுகளைக் காட்டிப் பதவி பெற்றதாக வழக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் வினாத்தாள் வெளியானதால் படைவீரர்களுக்கான பொது நுழைவுத் தேர்வு நாடு முழுவதும் ரத்து செய்யப்பட்டது. அடுத்த மாதமே அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு வாரியங்களில் லஞ்சம் விளையாடியதாக, ராணுவத்தினர் 17 பேர் உட்பட 23 பேர் மீது வழக்குப் பதிவானது. மருத்துவப் பரிசோதனையில் தற்காலிகமாக நிராகரிக்கப்பட்டவர்களை மறுபரிசோதனையில் தேறவைக்கப் பணம் கைமாறியது என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் 2021-இல் புகார் கொடுத்தது ராணுவத்தின் ஒழுங்குப் பிரிவேதான் என்பதை அந்த விவசாயியிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்தார். வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று வீட்டுக்காரரே கத்துவது வேறு, அவரே திருடனுக்கு விளக்குப் பிடிப்பது வேறு.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டில், 2011-இல் அந்நாட்டுச் செனட் சபை ஒரு விசாரணை நடத்தியது. ஓய்வுபெறும் தளபதிகளுக்குப் படையின் நிதியிலிருந்து கோடிக்கணக்கான பெசோ வழியனுப்புப் பணமாகத் தரப்பட்டது என்ற குற்றச்சாட்டு அங்கே வெடித்தது. அந்தப் பணத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'பபாவோன்'. பயணம் போகிறவருக்குக் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். எவ்வளவு வீட்டுத்தனமான சொல்லை எதற்குப் பயன்படுத்தினார்கள் பாருங்கள்! குற்றம் சாட்டப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் பாகியோ நகரில் உள்ள அந்நாட்டு ராணுவ அகாடமியில் படித்தவர்கள். பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே என்பதை மாணவர் நெறியாக வைத்திருக்கும் இடம் அது. அவர்களில் ஒருவரான முன்னாள் படைத்தலைவர் அந்த பிப்ரவரியிலேயே தம் தாயின் கல்லறை முன் உயிரை விட்டார். அவருடைய ஆன்மா இளைப்பாறட்டும். நேர்மையைக் கற்றுக்கொடுக்கும் இடத்திலிருந்தே இப்படிப்பட்டவர்கள் வந்தால் அந்த இடம் எதற்கு என்ற கேள்வி எந்த நாட்டிலும் எழத்தான் செய்யும்.

சரி, மூடிவிடுவோம். அடுத்து என்ன நடக்கும்? நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவர் 2010 ஏப்ரலில் லஞ்ச வழக்கில் கைதானார். மே மாதமே அந்தக் கவுன்சில் கலைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மீண்டும் உயிர்பெற்ற அது, 2018-இல் மறுபடி கலைக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் அதன் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. பெயர், சட்டம், உறுப்பினர்கள் எல்லாமே புதிது. ஆனால் 2025-இல் என்ன செய்தி படித்தோம்? மருத்துவக் கல்லூரிகளை ஆய்வு செய்யப் போனவர்கள் சாதகமான அறிக்கை தர லஞ்சம் வாங்கியதாக மத்தியப் புலனாய்வுத் துறை மீண்டும் வழக்குப் பதிந்து கைது செய்தது.

நம் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோரை மண்டிய கொல்லையை ஆத்திரத்தில் இரண்டு சால் உழுதுபோட்டால் பார்வைக்குச் சுத்தமாகத்தான் தெரியும். அடியில் இருக்கும் கிழங்கு துண்டாகி, பத்து நாளில் முன்பைவிட அடர்த்தியாகக் கிளம்பும். கிழங்கோடு தோண்டி எடுக்கிறவன்தான் கோரையை ஒழிக்கிறான். முதுகு ஒடியும் வேலை அது. களைகளைப் பற்றிய உவமையில் (மத்தேயு 13) வரும் நிலக்கிழார் அறுவடை வரை பொறுத்திருக்கச் சொல்வதைக் கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். அவர்கள் இருபதாம் நாளே வயலில் இறங்கிவிடுவார்கள்! ஆனால் களைக்குப் பயந்து நடவையே அழித்தவர் அந்த உவமையிலும் இல்லை, நம் ஊரிலும் இல்லை.

திருச்சபையின் வரலாற்றிலும் இது நடந்திருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில் பணியாற்றிய லாவலெட் என்ற இயேசு சபைக் குரு வணிகத்தில் இறங்கி, பெருங்கடனில் சிக்கினார். அந்தக் கடனுக்குப் பிரான்சில் இருந்த சபை முழுவதுமே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. சபையை ஒழிக்கக் காத்திருந்த அரசியல்வாதிகளுக்கு அது வசதியாகப் போயிற்று. 1764-இல் பிரான்சில் சபை கலைக்கப்பட்டது. அரசர்களின் நெருக்குதலால் 1773-இல் திருத்தந்தை 14-ஆம் கிளமெண்ட் உலகம் முழுவதும் அதைக் கலைத்தார். அப்போது வீரமாமுனிவர் மறைந்து 26 ஆண்டுகளே ஆகியிருந்தன. கடன் வாங்கியவர் எங்கோ இருந்தார். குருக்கள் போதாமல் தவித்தவர்கள் காவிரிக்கரையிலும் மதுரை மறைப்பணித்தளத்திலும் இருந்த நம் முன்னோர்கள். 1814-இல் சபை மீண்டும் நிறுவப்பட்டாலும், அது மதுரை மறைப்பணிக்குத் திரும்பி வர 1837-38 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் எதையுமே ஒழிக்கக் கூடாதா? அப்படியும் நாம் சொல்லவில்லை. திரிதெந்து பொதுச்சங்கம் 1562-இல், பலன்களை அறிவித்துக் காணிக்கை தண்டிவந்தவர்களின் பதவியை அடியோடு ஒழித்தது. பணம் தண்டுவதே தொழிலாகிப்போன அந்தப் பதவியைத் திருத்த இனி வழியில்லை என்று சங்கத் தந்தையர் கண்டார்கள். ஆனால் படிப்பும் ஒழுக்கமும் இல்லாத குருக்களால் திருச்சபைக்கு வந்த இழுக்குக்கு அதே சங்கம் சொன்ன மருந்து வேறு. 1563-இல் மறைமாவட்டந்தோறும் குருமடம் நிறுவ வேண்டும் என்று ஆணையிட்டது. நம்மை உருவாக்கிய குருமடமும் அந்த ஆணையின் பிள்ளைதான். ஒன்றை ஒழிப்பதா, சீர்திருத்துவதா என்று பார்க்கும்போது, அதன் வேலையே பாவமா, இல்லை நல்ல வேலைக்குள் பாவம் நுழைந்துவிட்டதா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இளைஞரை அதிகாரியாகப் பயிற்றுவிப்பது பாவமான வேலை அல்ல. யோர்தான் கரையில் படைவீரர்கள் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, படையை விட்டு விலகுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம், பொய்க்குற்றம் சாட்ட வேண்டாம், வாங்கும் சம்பளம் போதும் என்றிருங்கள் என்றார் (லூக்கா 3:14). இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படைக்கும் காசுக்கும் இருந்த சிக்கல் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாட்டுப் பாதுகாப்புக்காக நேர்மையாகப் படையில் பணிபுரிவோரை மக்களின் பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் பணியாளர்கள் என்றே இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கண்டது.

இந்த அகாடமியை மூடினால் யாருக்கு இழப்பு என்பதையும் பாருங்கள். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அதுவும் கிடையாது. மூன்றாண்டுப் பயிற்சிச் செலவு அரசினுடையது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் பெண்கள் இந்தத் தேர்வை எழுத முடிந்தது. 2025 மே 30 அன்று முதல் அணியில் 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்துத் திறந்த கதவு இது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் போக ஆயிரம் வழி உண்டு. ஒரு வேலி நிலம்கூட இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இது ஒன்றை விட்டால் அதிகாரி ஆக எத்தனை வழி இருக்கிறது?

ஆகவே மூட வேண்டியது கதவை அல்ல, கதவுக்கு அருகே கைநீட்டி நிற்பவரின் வழியை. வழக்குகள் பத்தாண்டு இழுக்காமல் முடிய வேண்டும். குற்றம் உறுதியானால் பதவியும் ஓய்வூதியமும் போக வேண்டும். துப்புக் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். பாவ அமைப்புகளைப் பற்றி நிறையப் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அந்த அமைப்புகளின் அடியில் தனி மனிதர்களின் பாவமே இருக்கிறது என்பதையும் தவறாமல் சொன்னார். நிறுவனத்தைக் கலைக்கும்போது அந்தத் தனி மனிதர் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடுகிறார்.

இங்கே கொடுப்பவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். அந்த விவசாயியிடம், கொள்முதல் நிலையத்தில் என்ன நடந்தது என்று கேட்டோம். 2025 அக்டோபர் மழையில் நம் பகுதியில் நெல் குவியல் குவியலாகக் கிடந்து முளைத்ததை எல்லாரும் பார்த்தோம். அவர் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் எடை போட்டிருக்கிறார். "கொடுக்கலேன்னா ஈரப்பதம் கூடன்னு ஒதுக்கிடுவாங்க சாமி" என்றார். "அப்படின்னா அந்த நிலையத்தையும் இழுத்து மூடிடலாமா?" என்று கேட்டோம். பதறிவிட்டார். "ஐயையோ, மூடிட்டா வியாபாரி வைச்சதுதான் வெலை. அது இருக்கணும் சாமி. அந்தக் காசு வாங்குறதுதான் நிக்கணும்." நாம் நான்கு பக்கம் எழுதியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்குத் தண்டனை இல்லை. நம் மக்களில் எத்தனை பேருக்கு இந்த ஏழு நாள் கணக்கு தெரியும்? பங்குப் பேரவையில் ஒருநாள் இதை வாசித்துக் காட்டலாம். எடை போடும் இடத்தில் தனியாக நிற்கும் ஒருவர் எதிர்ப்பது கடினம் என்பது நமக்கும் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து நின்றால் நிலைமை வேறு.

தரகர் விஷயத்துக்கு வருவோம். அகாடமித் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், வாரியத் தேர்வுக்கு 900 மதிப்பெண். வாரியத்தில் உளவியலாளர், குழுப்பணித் தேர்வாளர், நேர்காணல் அதிகாரி என மூவர் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். இத்தனை பேரையும் நம் ஊர்த் தரகர் கையில் வைத்திருக்கிறார் என்பது பெரும்பாலும் கதை. நூறு பேரிடம் வாங்கி வைத்துக்கொள்வார். தானாகத் தேறும் ஓரிருவர் தம்மால்தான் தேறினார்கள் என்பார். மற்றவர்களுக்குப் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் அவரை நேர்மையானவர் என்றுகூடச் சொல்வார்கள்!

பணம் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு உண்மையான தடை வேறு ஒன்று இருக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. கணக்கைத் தமிழில் படித்த பிள்ளைக்கு 300 மதிப்பெண் தாளில் கேள்வி புரிவதற்கே நேரம் போய்விடும். இதைப் பற்றி நம் மக்கள் பிரதிநிதிகள் குரல் கொடுத்தால் நல்லது. இப்போதைக்கு, நம் பங்கில் ஓய்வுபெற்ற கணக்காசிரியை ஒருவர் மாலைத் திருப்பலி முடிந்ததும் பங்குமனைத் திண்ணையில் அவளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். சென்ற வாரத்திலிருந்து பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேரும் வந்து உட்காருகிறார்கள்.