தடுப்பான் வேறு, மருந்து வேறு

காலையில் பூங்காவில் நடக்கும் எங்கள் குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. போன வாரம் அதில் ஒரு செய்தி வந்தது. "மலேரியாவுக்கு முடிவு! இரும்பு-கந்தக ரகசியம் உடைந்தது! மருந்து ரெடி!" கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக. நான் மட்டும் "இது மருந்து இல்லை" என்று எழுதினேன். "உங்களுக்கு எல்லாத்திலயும் குறைதான் சார்" என்று பதில் வந்தது. ஃபோனில் தட்டித் தட்டிச் சண்டை போட எனக்கு வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

31 வருடம் சென்னையில் மலேரியா ரத்தத் தடவல் பார்த்தவன் நான். ஜே.எஸ்.பி. சாயம் ஏற்றி, ஸ்லைடில் எண்ணெய்ச் சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் அந்தச் சின்ன மோதிர வடிவத்தைத் தேடித் தேடியே கண் போனது. அந்த ஒட்டுண்ணி ஒழிய வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் அந்தக் குழுவில் இருக்க மாட்டார். அந்த ஆசையில்தான் கோபமும் வருகிறது.

முதலில் அந்த 'ரகசியம்' என்ன என்று பார்ப்போம். இரும்பு அணுக்களும் கந்தக அணுக்களும் சேர்ந்த சின்னக் கொத்துகள் பல புரதங்களுக்குள் உட்கார்ந்து வேலை செய்கின்றன. அவை தானாக அமைவதில்லை. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி கந்தகத்தை உருவிக் கொடுக்கும். இன்னொரு புரதம் தாங்கி நிற்க, அதன்மேல் கொத்து உருவாகும். பிறகு தேவையான இடத்துக்குப் போய்ச் சேரும். இந்த வரிசையில் ஒரு புரதத்தை முடக்கும் ரசாயனத்துக்குத்தான் தடுப்பான் என்று பெயர்.

மலேரியா ஒட்டுண்ணிக்குள் அப்பிகோபிளாஸ்ட் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. பாசி இனத்திலிருந்து வந்த மிச்சம் அது. நம் உடம்பில் அது கிடையாது. ரத்தத்தில் வளரும்போது ஒட்டுண்ணிக்கு அந்த உறுப்பு தேவைப்படுவது ஒரே ஒரு பொருளுக்காக என்று 2011-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அந்தப் பொருளைத் தயாரிக்கும் கடைசி 2 நொதிகளுக்கும் இரும்பு-கந்தகக் கொத்து வேண்டும். கொத்து கட்டும் 'சஃப்' என்ற அந்த ஏற்பாட்டை நிறுத்தினால் ஒட்டுண்ணி சாகும். கணக்கு சரிதான். அருமையான அறிவியல். நம் நாட்டிலேயே, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார் 2014-இல் இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கந்தகம் உருவும் நொதியை டி-சைக்ளோசெரின் என்ற பழைய மருந்து தடுப்பதையும் அதில் காட்டினார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, மரியாதைதான்.

என் சண்டை, அதைப் படிக்காமலே 'மருந்து ரெடி' என்று எழுதுகிறவர்களோடு.

ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருந்ததாகப் பாட்டி கதை சொல்வாள் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். ரத்த அணுவின் சவ்வு, அதற்குள் ஒட்டுண்ணி குடியிருக்கும் பையின் சவ்வு, ஒட்டுண்ணியின் சொந்தச் சவ்வு, அப்பிகோபிளாஸ்டைச் சுற்றி 4 சவ்வுகள். மொத்தம் 7. சோதனைக் குழாயில் தனியாக எடுத்து வைத்த நொதியைத் தடுத்துவிட்டால், இந்த ஏழையும் தாண்டிவிட்டதாக அர்த்தமா?

அடுத்தது, நம் செல்களும் இரும்பு-கந்தகக் கொத்துகளைக் கட்டித்தான் உயிர் வாழ்கின்றன. 'சஃப்' நமக்கு இல்லை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் நமக்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதில் ஃபிராடாக்சின் என்ற ஒரு புரதம் குறைந்தாலே நடை தள்ளாடும், இதயம் கெடும். ஃபிரீட்ரிக் அட்டாக்சியா என்ற பரம்பரை நோய் அதுதான். கை தவறி நம்முடையதையும் தடுத்துவிட்டால் என்ன ஆகும்?

டி-சைக்ளோசெரினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்த நொதியில் ஒட்டிக்கொள்வது வைட்டமின் பி6-இலிருந்து வரும் ஒரு துணைப்பொருளில். அதே துணைப்பொருளை வைத்து வேலை செய்யும் நொதிகள் நம் உடம்பில் ஏராளம். இந்த மருந்து மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படுவது. என் மைத்துனருக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது மாதத்தில் மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார், ராத்திரியில் அழுதார். மருந்தால் இப்படி வரலாம் என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மருந்தை மாற்றிய பிறகுதான் பழைய ஆளாகப் பேசினார். 'தடுக்கிறது' என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு குடும்பம் என்ன பாடு படும் என்று பார்த்தவன் நான்.

"நம்பிக்கை கொடுக்கிறதுல என்ன தப்பு?" என்று நண்பர் கேட்கிறார். தப்பு இருக்கிறது. எங்கள் தெருவில் கட்டட வேலை பார்க்கும் ஒரு பையனுக்குப் போன வருடம் வைவாக்ஸ் மலேரியா. குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். வைவாக்ஸ் ஈரலில் தூங்கிக் கிடந்து திரும்ப எழும். அதை அழிக்கத்தான் அந்த 14 நாள். பையன் நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டான். "இனிமே ஒரே ஊசியாமே அங்கிள், ஃபோன்ல வந்துச்சே" என்றான். இரண்டு மாதத்தில் மறுபடி குளிர் நடுக்கம். அவன் இழந்த கூலியை அந்தத் தலைப்பு போட்டவர் கொடுப்பாரா?

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆர்ட்டிமிசினினுக்கே ஒட்டுண்ணி எதிர்ப்புக் காட்டத் தொடங்கிவிட்ட காலம் இது; புதிய வழி கட்டாயம் வேண்டும். ஆனால் இதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். ஏழைகளுக்கு வரும் நோய் என்பதால் லாபம் பார்க்கும் கம்பெனிகள் பாதி வழிக்குமேல் வருவதில்லை. அரசுதான் செலவு செய்ய வேண்டும். 'ரெடி' என்று ஊரெல்லாம் கத்தினால், அப்புறம் பணம் எதற்கு என்றுதான் கேட்பார்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: தடுத்தது சோதனைக் குழாயிலா, எலியிலா, மனுஷரிலா? அதற்குள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். சென்னை மலேரியாவின் கொசு அங்கேதான் முட்டையிடுகிறது.