கடன் இருந்தால்தான் கடனாம்!

2020-லயும் 2021-லயும் கொடைக்கானலுக்கு ஏப்ரல், மே சீசனே இல்லை. மலர்க் கண்காட்சியும் நடக்கல. வத்தலக்குண்டு மலைச்சாலையில் டூரிஸ்ட் வண்டி ஏறலைன்னா, பண்ணைக்காட்டுப் பக்கம் ரோட்டோரம் மலை வாழைப்பழம் விற்கிறவருக்கும், டீக்கடைக்காரருக்கும், ஜீப் ஓட்டுறவருக்கும் வருமானம் ஏது? பெரிய ஹோட்டல் மட்டும்தான் சுற்றுலாத் தொழிலா?

2022 பிப்ரவரி ஒன்றிய பட்ஜெட்டில் அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தை 2023 மார்ச் வரை நீட்டித்து, விருந்தோம்பல் துறைக்குக் கூடுதலாக 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அது கையில் கொடுக்கிற பணம் இல்லை, வங்கிக்குக் கொடுக்கிற உத்தரவாதம். சரி, அதாவது நம்ம ஆளுக்குக் கிடைச்சிருக்குமா?

விதியைப் படிச்சாத்தான் சங்கதி புரியும். வங்கியில் உங்களுக்கு ஏற்கெனவே கடன் நிலுவை இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய விதி. அதில் ஒரு பங்கு வரைதான் புதுக்கடன். பொண்டாட்டி நகையை விற்று, கந்துவட்டிக்கு வாங்கி, வீட்டுக்கு மேலே ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டவர் எந்தக் கணக்கில் வருவார்?

2021 ஜூனில் அறிவித்ததும் இதே கதைதான். வழிகாட்டிக்கு 1 லட்சம், சுற்றுலா நிறுவனத்துக்கு 10 லட்சம், ஆனால் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டும். தெருவோர வியாபாரிக்கு 10,000 ரூபாய்க் கடன் இருக்கே என்றார்கள். இருந்தது, நல்லதுதான். ரெண்டு வருஷ நஷ்டத்துக்கு அது காணுமா?

பேரூராட்சி, ஊராட்சி மூலமாக இவர்களைக் கணக்கெடுங்கள். கூட்டுறவு வங்கி வழியாக வட்டியில்லாக் கடன் கொடுங்கள். பழைய கடன் இருக்கான்னு கேட்காதீங்க.

#பண்ணைக்காடு #கொடைக்கானல்