வாய் மூடிய கணினிக்கு யார் பொறுப்பு?

கொஞ்சம் நீளமான பதிவு. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் பள்ளிவாசல், கோயில் சபை, பழைய மாணவர் சங்கம், நலன்புரிச் சங்கம் என்று எதிலாவது கணினியில் பெயர்ப்பட்டியல் வைத்திருப்பவர்கள் தயவு செய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன முறை பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்த நேரம், ஒரு ராத்தா பாடசாலை வாசலில் என்னை மறித்தார். "சேர், எங்கட மகன்ட பேர் லிஸ்ட்ல இல்லையாம். ஃபோம் குடுத்த ரிசீட் கையில ஈக்கிது." ரிசீட் சரி. அவர் கொடுத்த படிவமும் ஃபைலில் பத்திரமாக இருந்தது. கணினியில் மட்டும் பையன் இல்லை. தேடிப் பார்த்தால் அவனோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள் இல்லை.

சங்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பேச்சு அந்தச் சங்கத்தைப் பற்றியதாகிவிடும். இது நம் எல்லாரைப் பற்றியது.

நடந்தது இதுதான். பதிவேடு மைக்ரோசொஃப்ட் அக்சஸில் இருந்தது. சாதாரண தர ஐ.சி.ரி. பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் அதே அக்சஸ். பல வருடத்துக்கு முன் ஒருவர் மெக்ரோ போட்டு, ஒரு பட்டனை அழுத்தினால் புதிய படிவங்கள் பிரதான அட்டவணையில் சேரும்படி செய்திருந்தார். பிள்ளையின் சேர்விலக்கம்தான் முதன்மைச் சாவி. இரண்டு பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரே சேர்விலக்கம் வந்தால் இரண்டாவது பிள்ளையைக் கணினி ஏற்காது. ஆனால் முன்பெல்லாம் அது வாய் திறந்து சொல்லும்: "இத்தனை பதிவுகளைச் சேர்க்க முடியவில்லை, தொடரவா?" என்று ஒரு பெட்டி வரும். எழுதுபவர் பார்த்து, இலக்கத்துக்கு முன் பாடசாலைக் குறியீட்டைப் போட்டுத் திருத்துவார்.

அந்தப் பெட்டி கமிட்டிக்குத் தொல்லையாக இருந்தது. மெக்ரோவைக் கோடாக மாற்ற ஒரு தம்பி வந்தார். காசு வாங்கவில்லை, ஒரே இரவில் முடித்தார். கமிட்டி அவரிடம் சொன்ன ஒரே வார்த்தை: "அந்தப் பெட்டி வராம செஞ்சு தாங்க தம்பி." அவரும் "செட்வோர்னிங்ஸ் ஃபோல்ஸ்" என்று ஒரு வரி போட்டார். பெட்டி போய்விட்டது. பெட்டியோடு ஒன்பது பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

தம்பியை நான் குறை சொல்லவில்லை. மௌனத்தைக் கேட்டு வாங்கியவர்கள் பெரியவர்கள்.

இந்த ஒரு வரியின் ஆபத்து பலருக்குத் தெரியாது. மெக்ரோவுக்குள் எச்சரிக்கையை நிறுத்தினால், மெக்ரோ முடிந்ததும் அக்சஸ் தானாகவே அதைத் திரும்பப் போட்டுவிடும். கோடில் அப்படி இல்லை. நாமே திரும்பப் போட வேண்டும். நடுவில் பிழை வந்து கோட் நின்றால், திரும்பப் போடும் வரி ஓடவே ஓடாது. பிறகு அக்சஸை மூடும்வரை அழித்தாலும் கேட்காது, மாற்றினாலும் கேட்காது. வரிக்கு வரி சரியாகத்தான் மாற்றினோம் என்பார்கள். வரி ஒன்றுதான், நடத்தை வேறு.

"அப்படியானால் பழைய மெக்ரோவையே வைத்திருக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கோடை அச்செடுத்து இன்னொருவரிடம் காட்டலாம். பக்கத்தில் விளக்கம் எழுதலாம். பல வேலைகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று பிழைத்தால் எல்லாவற்றையும் பின்வாங்கச் செய்யலாம். மாற்றுவது நல்லதுதான். மாற்றும் விதம்தான் வழக்கு.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை:

1. முதலில் முழு ஃபைலுக்கும் பிரதி. ஒன்று அந்தக் கணினிக்கு வெளியே. பிரதியில்தான் கை வைக்க வேண்டும்.

2. அக்சஸிலேயே மெக்ரோவை விஷுவல் பேசிக்காக மாற்றும் வசதி இருக்கிறது. பிழை கையாளும் வரிகளைச் சேர்க்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். தனி மெக்ரோவை மாற்றினால் கோட் புதிதாக உருவாகும், ஆனால் பட்டன் இன்னும் பழைய மெக்ரோவைத்தான் கூப்பிடும். அதைப் பார்த்து மாற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பட்டன் போதும்.

3. எச்சரிக்கையை நிறுத்தும் வரி வேண்டாம். "எக்ஸிகியூட்" கட்டளையை "டிபி ஃபெயில் ஒன் எரர்" உடன் பயன்படுத்துங்கள். தேவையில்லாத பெட்டி வராது. ஒரு பதிவு பிழைத்தாலும் பிழை என்று சொல்லி, முழுவதையும் பின்வாங்கும். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் இதுவும் ஊமைதான்.

4. தமிழ் செய்திகளைக் கவனியுங்கள். மெக்ரோவில் தமிழ் நன்றாகத் தெரியும். விஷுவல் பேசிக் எடிட்டர் தமிழ் யுனிகோடை ஏற்காது, எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். செய்திகளை ஒரு அட்டவணையில் வைத்துப் படிவத்தில் காட்டுங்கள். இல்லாவிட்டால் வாய் திறந்தும் ஊமை.

5. ஒரே படிவக் கட்டைப் பழைய பிரதியிலும் புதிய பிரதியிலும் ஓட்டி, எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒத்து வந்த பிறகுதான் பழையதை ஒதுக்க வேண்டும்.

பிரதி விஷயத்தில் நம் அரசாங்கமே அடி வாங்கியதை மறக்காதீர்கள். 2023இல் லங்கா கவர்ன்மென்ட் க்ளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்து மின்னஞ்சல்கள் போயின. சுமார் 5,000 முகவரிகள். அந்தக் காலத்துக்கு இணைப்பில்லாத பிரதி இருக்கவில்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி என்றால், அலுமாரிப் பக்கத்து ஒற்றைக் கணினிக்கு என்ன உத்தரவாதம்?

"சும்மா ஒன்பது பிள்ளைதானே, பிறகு கொடுத்துட்டமே" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். கொடுத்தோம், உண்மை. ஆனால் அந்த ராத்தா ரிசீட்டோடு வந்து கேட்டதால்தான் கொடுத்தோம். கேட்கக் கூச்சப்பட்டவர்கள்? ரிசீட்டைத் தொலைத்தவர்கள்? முந்தின முறை யார் யார் விடுபட்டார்கள் என்று யாருக்காவது தெரியுமா? படிவம் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெயர் நம்மிடம் அமானிதம். கணினி தொலைத்தது என்று சொல்லி நாம் கழன்றுகொள்ள முடியாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து இரண்டே கேள்வி கேளுங்கள். கையில் வந்த படிவம் எத்தனை? கணினியில் ஏறியது எத்தனை? இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், ஒரு கொப்பி கூடப் பிரிக்க விடாதீர்கள்.

திட்டுகிறவர்கள் கொமெண்டில் திட்டலாம். உங்கள் பட்டியலை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.