சட்டம் வாஷிங்டனில், வரிசை கருமபீடத்தில்



எங்கள் வீட்டில் உம்மாவின் தையற் பெட்டிக்குள், நூற்கட்டைகளுக்கும் பொத்தான்களுக்கும் அடியில் ஒரு சிறிய புத்தகம் இருக்கும். உணவு முத்திரைப் புத்தகம். 1980களின் பிற்பகுதி அது, நான் சிறுவன். சங்கக் கடைக்கு அனுப்பும்போதெல்லாம் உம்மா முத்திரையைக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்து, "பொத்திப் பிடிச்சிட்டுப் போ மகன், காத்துல பறந்தா அரிசி இல்ல" என்பார். அந்தக் கடதாசித் துண்டைத் தருவது யார், நிறுத்துவது யார் என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. உம்மாவுக்கும் தெரிந்திருக்காது. கிராம சேவகரின் மேசைதான் எங்களுக்கு அரசாங்கம்.

நமது நாட்டில் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக 1979இல் வந்தது அந்த முத்திரை. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1939 மே மாதத்தில், அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரில் அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. ஒரு டொலருக்குச் செம்மஞ்சள் நிற முத்திரை வாங்கினால், ஐம்பது சதத்துக்கு நீல முத்திரை இலவசம். நீல முத்திரைக்கு விவசாயிகளிடம் மிஞ்சிப்போன பண்டங்களையே வாங்கலாம். இடையில் அது நின்றுபோய், 1964இல் நிரந்தரச் சட்டமாயிற்று. பின்னர் கடதாசி மறைந்து வங்கி அட்டை போன்றதொரு அட்டை வந்தது. 2008இல் பெயரும் மாறி இன்று 'ஸ்னெப்' என்கிறார்கள். அங்குள்ள முதியவர்களோ இன்னும் உணவு முத்திரை என்றே சொல்கிறார்களாம்.

அந்த நாட்டு ஏற்பாட்டை நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அது சமஷ்டி நாடு. சட்டம் போடுவதும், பணத்தில் பெரும் பங்கைக் கொடுப்பதும் வாஷிங்டனிலுள்ள சமஷ்டி அரசு. விண்ணப்பத்தை வாங்குவது, நேர்முகம் காண்பது, வருமானத்தைப் பரிசீலிப்பது, கடிதம் அனுப்புவது, அட்டையில் பணம் ஏற்றச் செய்வது எல்லாம் மாநிலத்தின் காரியாலயம். சில மாநிலங்களில் அதற்கும் கீழே மாவட்டக் காரியாலயம். ஏழைகளின் வைத்தியச் செலவை ஏற்கும் மெடிகெய்ட் திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். ஆகவே, மேலே ஒரு வரி மாறினால் கீழே படிவம் மாற வேண்டும். கணினி மாற வேண்டும். கருமபீடத்தில் இருப்பவருக்குப் புதிய விதியைப் படிப்பிக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் விழுகின்றன.

2025 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். வரவு செலவுக்குக் காங்கிரஸ் அனுமதி வழங்காததால் ஒக்டோபர் முதலாந் திகதி சமஷ்டி அரசின் பல வேலைகள் நின்றன. ஸ்னெப் பெறுவோர் சுமார் 42 மில்லியன் பேர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர். நவம்பர் பிறந்தபோது அட்டைகளில் ஏற்றப் பணம் வரவில்லை. அவசர நிதியைப் பயன்படுத்தும்படி நீதிமன்றங்கள் சொல்ல, பாதி தருகிறோம் என்றது அரசு. இரண்டு நாளில், பாதியல்ல 65 வீதம் என்றது. கேட்க இலகுவாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொகையைக் கணக்கிடுவது கணினி. அதன் அட்டவணையை மாற்றி எழுத வாரக்கணக்கில் செல்லும் என்று சில மாநிலங்கள் கைவிரித்தன. 6ஆந் திகதி முழுத்தொகையும் கொடு என்று ஒரு நீதிபதி கட்டளையிட்டார். சில மாநிலங்களின் உத்தியோகத்தர்கள் அன்றிரவே விழித்திருந்து முழுப் பணத்தையும் ஏற்றுவித்தார்கள். மறுநாள் இரவு உயர் நீதிமன்றத்திலிருந்து தற்காலிகத் தடை வந்தது. 8ஆந் திகதி, ஏற்றியதைத் திருப்பியெடுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் வந்தது! 12ஆந் திகதி அரசு மீண்டும் இயங்கத் தொடங்கும் வரை, ஒரு மாநிலத்துத் தாய் சாமான் வாங்கிச் சமைத்துவிட்டாள். இன்னொரு மாநிலத்துத் தாய் வெற்று அட்டையோடு இருந்தாள். இருவருக்கும் சட்டம் ஒன்றுதான், பசியும் ஒன்றுதான்.

இது அவசர காலத்துக் குழப்பம், சாதாரண காலத்தில் இப்படி இராது என்று நீங்கள் எண்ணலாம். சாதாரண காலத்தில் நடப்பது இதைவிட மெதுவானது. சத்தமும் இராது.

1996 ஓகஸ்டில் ஜனாதிபதி கிளின்டன் ஒப்பமிட்ட சட்டம், பிள்ளைகளோடு தனித்திருக்கும் தாய்மாருக்கு 1935 முதல் கிடைத்து வந்த பணஉதவியின் வடிவத்தையே மாற்றியது. வாழ்நாளில் ஐந்து ஆண்டுகள் என்று எல்லை வந்தது. வேலைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. மாநிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 16.5 பில்லியன் டொலர் என்று ஒரு தொகை குறிக்கப்பட்டது. விலைவாசி ஏறினாலும் அந்தத் தொகை ஏறாது. இதற்குக் காரியாலயங்கள் எவ்வாறு தம்மை மாற்றிக்கொண்டன? நியூயோர்க் நகரில் 1998இல் உதவி நிலையங்களின் பெயர்ப்பலகையை மாற்றி 'வேலை நிலையம்' என்று எழுதினார்கள். வேலை தேடித் தருவது நல்ல காரியந்தான், நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் உணவு முத்திரைக்கும் மெடிகெய்டுக்கும் விண்ணப்பிக்க வந்தவர்களையும், படிவம் கொடாமல் நாளை வா என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த இரண்டு உதவிகளுக்கும் அன்றே விண்ணப்பிக்கும் உரிமை சட்டத்தில் அப்படியே இருந்தது. வழக்குத் தொடரப்பட்டு, 1999 ஜனவரியில் நீதிமன்றம் தலையிட்டது. சட்டம் ஒரு கதவைத்தான் ஒடுக்கியது. காரியாலயம் பக்கத்துக் கதவையும் சேர்த்துச் சாத்திவிட்டது.

அதே சட்டம் குடியுரிமை பெறாத குடியேறிகள் பலரை உணவு முத்திரையிலிருந்து நீக்கியது. அவர்களுடைய பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள், அந்நாட்டுப் பிரசைகள். பிள்ளைக்கு உரிமை இருந்தும், 'நமக்கு நிறுத்திவிட்டார்கள்' என்று பயந்து பிள்ளைக்கும் கேட்காமல் விட்ட தாய்மார் அநேகர். 1998இலும் 2002இலும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பயத்தை யார் தளர்த்துவது? அதற்கு அந்தத் தாயின் மொழியில் அச்சிட்ட ஒரு கடிதமாவது போக வேண்டும்.

ஆர்கன்சாஸ் மாநிலத்தின் கதை எனக்கு மிகவும் வேதனை தந்தது. 2018 ஜூனில், மெடிகெய்ட் பெறும் 30 முதல் 49 வயது வரையான பலர் மாதம் 80 மணித்தியாலம் வேலையோ அதற்கு ஈடானதோ செய்து, அதை மாதந்தோறும் அறிவிக்க வேண்டும் என்று சமஷ்டி அரசின் அனுமதியோடு விதித்தார்கள். எப்படி அறிவிப்பது? இணையத்தில். கடிதத்தாலோ டெலிபோனாலோ முடியாது. டெலிபோனுக்கு அந்த ஆண்டு முடியும் தறுவாயில்தான் இடமளித்தார்கள். அந்த இணையத்தளமோ இரவு ஒன்பது மணிக்கு மூடிவிடும், காலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். கடையில் சரக்கு மூடை இறக்கிவிட்டு இரவில் வீடு வருபவன், பிள்ளைகளைத் தூங்கவைத்த பின்னரே தன் வேலையைப் பார்க்க நேரம் கிடைக்கும் தாய், இவர்கள் எந்த மணியில் அறிவிப்பது? ஆண்டு முடிவதற்குள் 18,000க்கு மேற்பட்டோர் வைத்திய உதவியை இழந்தார்கள். பின்னர் நடத்தப்பட்ட ஆய்வொன்று, அந்த விதிக்கு உட்பட்டவர்களில் 95 வீதத்துக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே வேலை செய்தவர்கள் அல்லது விலக்குப் பெற வேண்டியவர்கள் என்று கண்டது. வேலை செய்வோரின் தொகை கூடவும் இல்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தியது.

அடுத்தது கொரோனாக் காலம். தொற்று இருக்கும் வரை எவரையும் மெடிகெய்டிலிருந்து நீக்காதீர்கள், அதற்கு மேலதிகப் பணம் தருகிறோம் என்று 2020இல் சமஷ்டி அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. 71 மில்லியன் அளவில் இருந்தவர்கள் 94 மில்லியன் வரை பெருகினார்கள். 2023 மார்ச் 31உடன் அந்தப் பாதுகாப்பு முடிந்தது. மூன்று ஆண்டுகளாகப் புதுப்பித்தல் வேலையையே மறந்திருந்த காரியாலயங்கள் எல்லோரையும் மீளப் பரிசீலிக்க வேண்டியதாயிற்று. பழைய உத்தியோகத்தர்கள் பலர் விலகியிருந்தார்கள். பயனாளிகள் வீடு மாறியிருந்தார்கள். கடிதங்கள் பழைய விலாசத்துக்குப் போயின. முடிவில் 25 மில்லியனுக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களில் பத்துப் பேரில் ஏழு பேர் அளவில், தகுதி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப்படாமலே நீக்கப்பட்டவர்கள். படிவம் வரவில்லை, ஒரு தாள் குறைந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் ஒரு செய்தியை நம் தாய்மார் அவசியம் அறிய வேண்டும். காரியாலயம் தன்னிடமுள்ள சம்பள விபரங்களைப் பார்த்துத் தானாகவே புதுப்பிக்கலாம். முடிந்தவரை அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்குரிய வருமான எல்லை பெற்றோருக்குரியதைவிட உயர்ந்தது. எனவே தாய்க்குத் தகுதி இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு இருக்கும். ஆனால் சுமார் 30 மாநிலங்களின் கணினிகள் குடும்பத்தை ஒரே கட்டாகக் கட்டிப் பார்த்தன. தாய்க்கு ஒரு படிவம் போகும். அவள் அனுப்பத் தவறினால் பிள்ளையின் பெயரும் சேர்ந்து வெட்டுப்படும். 2023 ஓகஸ்டில் சமஷ்டி அதிகாரிகள் இதைப் பற்றி எழுதினார்கள். அடுத்த மாதம், ஐந்து இலட்சத்துக்கு அண்மித்தோருக்கு, அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள், உதவியை மீளக் கொடுக்க நேர்ந்தது. எந்த உத்தியோகத்தரும் அந்தப் பிள்ளைகளை வெறுக்கவில்லை. கணினிக்குக் கட்டளை எழுதியவர், ஒரு வீட்டுக்குள் இரண்டு தகுதி இருக்கலாம் என்பதை நினைக்கவில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசமும் பெரிது. மொன்டானாவில் பரிசீலிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நீக்கப்பட, வட கரோலினாவில் எட்டுப் பேரில் ஒருவர் அளவிலேயே நீக்கப்பட்டார். வட கரோலினா அந்தக் காலத்திலேயே தகுதி எல்லையை விரித்ததும் ஒரு காரணம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சில மாநிலங்கள் விசேட அனுமதி பெற்று, உணவு உதவிக்காக ஏற்கெனவே சரிபார்த்த வருமானத்தை மெடிகெய்டுக்கும் ஏற்றுக்கொண்டன. ஒரே பெண், ஒரே சம்பளத் துண்டு. அதை இரண்டு கருமபீடத்தில் காட்ட வேண்டியதில்லை என்று ஆனது.

இப்போது வந்திருப்பது 2025 ஜூலை 4ஆந் திகதிச் சட்டம். மெடிகெய்ட் பெறும் வயது வந்தோர் பலருக்கு மாதம் 80 மணித்தியால விதி 2027 ஜனவரிக்குள் நாடு முழுவதற்கும் என்றும், அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல் என்றும் சொல்கிறது. உணவு உதவியில் 64 வயது வரையானோருக்கும், இளைய பிள்ளைக்கு 14 வயதாகிவிட்ட தாய்க்கும் வேலை விதியை நீட்டியது. அகதிகளாக ஏற்கப்பட்டோரை அந்த உதவிக்கு உரியோர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. இன்னொன்றும் அதில் உண்டு. காரியாலயச் செலவில் மாநிலத்தின் பங்கு 2026 ஒக்டோபர் முதல் பாதியிலிருந்து முக்காலாகிறது. அதற்கடுத்த ஆண்டு முதல், கணக்கில் பிழை 6 வீதத்துக்குக் குறையாத மாநிலம், பிழையின் அளவுக்கேற்ப உணவுப் பணத்திலும் 15 வீதம் வரை தானே சுமக்க வேண்டும். 2024இல் நாட்டின் சராசரிப் பிழை 10.93 வீதம். பிழை என்றதும் களவு என்று எண்ணிவிடாதீர்கள். உத்தியோகத்தர் தவறாகக் கூட்டியதும் பிழை; ஏழைக்குக் குறைத்துக் கொடுத்ததும் பிழை.

ஆட்களைக் குறைக்க வேண்டிய நேரத்தில் பிழையையும் குறைக்க வேண்டுமானால் காரியாலயம் என்ன செய்யும்? இன்னும் ஒரு தாள் கேட்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனெனில் நானும் கேட்டவன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் படிப்பித்த பாடசாலையில் பிள்ளைகளின் உதவிப்பண விண்ணப்பங்களைச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்த ஆண்டு புதிய படிவம் வந்தது. தாய் அல்லது தந்தை கையொப்பமிட வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு பிள்ளையின் தாய் சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். தந்தை இல்லை. உம்மம்மா படிவத்தைக் கொண்டு வந்தார். கையொப்பம் சரியில்லை, மேலிடத்தில் திருப்பி விடுவார்கள் என்று நான் திருப்பிக் கொடுத்தேன். கிராம சேவகரின் கடிதம் எடுத்து வரச் சொன்னேன். அவர் போனார், கிராம சேவகர் அன்று இல்லை, திகதி முடிந்தது. அந்தப் பிள்ளைக்கு அவ்வருடம் ஒன்றுமில்லை. என் கோவையில் மட்டும் ஒரு பிழையும் இல்லை. 2023இல் சமுர்த்தி அஸ்வெசுமவாக மாறியபோது மேன்முறையீட்டுப் படிவத்தோடு பிரதேச செயலகத்தில் நின்ற சகோதரிகளுக்கு இந்த வகைச் சுத்தமான கோவைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் புதிய சட்டத்திலும், மாநிலம் தன்னிடமுள்ள தகவலை இயன்றவரை முதலில் பயன்படுத்த வேண்டும், ஆளிடம் கேட்பது அதற்குப் பின்னரே என்று ஓரிடத்தில் இருக்கிறது. 'இயன்றவரை' என்றால் எதுவரை என்பதை ஒவ்வொரு மாநிலக் காரியாலயமும் தன் கணினியிலும் கருமபீடத்திலும் தீர்மானிக்கும். ஆர்கன்சாஸ் போல இரவு ஒன்பது மணிக்குப் பூட்டுவதும் ஒரு தீர்மானம். சம்பளப் பதிவைத் தானே எடுத்துப் பார்ப்பதும் ஒரு தீர்மானம்.

மறு ஆண்டு அந்த உம்மம்மா மீண்டும் வந்தார். படிவம் அதேதான். கையொப்பமிடும் இடத்தில் அவருடைய பெருவிரல் அடையாளத்தை வாங்கி, தாய் வெளிநாட்டில், பாதுகாவலர் இவர் என்று பக்கத்தில் எழுதி, என் பெயரையும் போட்டு அனுப்பினேன். மேலிடத்திலிருந்து அது திரும்பி வரவில்லை.