பிடியரிசியும் பெயர்ப்பலகையும்

சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த அறப்பணிகளைப் பற்றிப் பேசுவது நம்மவர்க்கு என்றும் உவப்பான காரியம். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்து மடத்துக்கும் பள்ளிக்கும் ஈந்த குடும்பங்கள், 1867இல் வடலூரில் இராமலிங்க அடிகள் மூட்டிய தருமசாலை அடுப்பு, 1958இல் தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்ற நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்னவும் அதிலிருந்து விரிந்த சர்வோதய இயக்கமும் என மேடைதோறும் எடுத்துக்காட்டுகள் அடுக்கப்படுகின்றன. அவை போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயின், இவற்றை மலையகத் தோட்ட மக்கள் முன் நிறுத்தி, “உங்களால் மட்டும் ஏன் இவ்வாறு ஒன்றையேனும் வளர்க்க இயலவில்லை?” என்று வினவும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளதே, அதனை ஏற்பதற்கில்லை. வினாவே பிழையானது.

கொஸ்லந்தையை எடுத்துக்கொள்வோம். பேரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் உள்ள சிற்றூர் அது. அதைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள். இத்தோட்டங்களிலும், பொதுவாக ஊவாத் தோட்டங்கள் எங்கணும், அறப்பணி என்ற பெயரைப் பெறாத ஓர் அறப்பணி தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றது. அதுவே மரண உதவிச் சங்கம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் ஒரு சிறு தொகை. அதைக் குறித்து வைக்க ஒரு பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி. லயத்தில் ஒருவர் கண்மூடினால் பெட்டிக்கும் பந்தலுக்கும் வந்தவர்க்குத் தேநீருக்கும் அந்தப் பணம். அன்றாடக் கூலியில் உயிர் வாழும் ஒருவன், பக்கத்துக் காம்பராவில் உள்ளவனின் சாவுக்கெனத் தன் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறான். பிடியரிசிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தோட்டக் கோயிலும் இவ்வாறே எழுந்தது. தொடக்ககாலத் தோட்டப் பள்ளிகள் பலவும் இவ்வகை ஆதரவில்தான் உயிர் தரித்திருந்தன. ஆகவே, தொடக்கம் இல்லை என்பது பொய். தொடக்கம் இருந்தது, வளர்ச்சியே தடுக்கப்பட்டது.

எதனால் தடுக்கப்பட்டது? வடலூர் அடுப்பு இன்றளவும் அணையாது எரிவதைச் சொல்வோர், பார்வதிபுரத்து மக்கள் சுமார் எண்பது காணி நிலத்தை அடிகளுக்கு வழங்கினர் என்பதை மெல்லக் கடந்து சென்றுவிடுகின்றனர். அருள் பெரிது, எனினும் அடுப்பை ஊன்ற மண் வேண்டியிருந்தது. கனத்தொலுவ மக்கள் மிக வறியவர்கள், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்கள். ஆயினும் அங்கு வெட்டப்பட்ட கிணறு அவ்வூரின் கிணறாகவே நின்றது. தோட்டத்திலோ, தொழிலாளர் சிரமதானம் செய்து ஒரு பாதை அமைத்தால் அது தோட்டத்தின் பாதை. ஒரு மண்டபம் எழுப்பத் துரையின் அனுமதி வேண்டும். எழுப்பிய பின் அது நின்ற நிலமும் அவர்களுடையதன்று. நிலமோ 1972லும் 1975லும் அரசின் கைக்கு மாறிற்று. 1992இல் அதன் நிருவாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. கைமாறிய ஒவ்வொரு தடவையும் அதில் வாழ்ந்தவர் கைக்கு மட்டும் அது வரவில்லை.

இதனினும் விந்தையான செய்தி ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல். முப்பத்தொரு ஆண்டுகள்! வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்தவன் தன் லயத்து வாசலுக்கு ஒரு விளக்குக் கேட்டால், சட்டத்தைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பலாம். அத்தகையவனிடம் போய்த் தன்முயற்சியின் மகிமையை உபதேசிக்க நமக்கு நாக்கூசவில்லை. கூட்டுறவும் அவ்வாறே. தோட்டத் தொழிலாளரின் வீடமைப்புக்கென 1990களில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோது, அவற்றின் தலைமை பல தோட்டங்களில் தோட்ட நிருவாகியிடமே இருந்தது. பெயர் தொழிலாளர் சங்கம். கணக்குப் புத்தகம் துரையின் காரியாலயத்தில்.

“குடிதான் காரணம்”, “ஒற்றுமையில்லை” என்போர் உளர். மதுவின் கேட்டை மறுப்பார் எவரும் இலர். ஆனால் குடிக்கும் ஊர்களில் எல்லாம் சனசமூக நிலையங்கள் நடக்கின்றனவே! ஒற்றுமையின்மை தொழிலாளரின் குணமாயின், சாவு வீட்டில் அத்தனை பேரும் ஒன்றாய் நிற்பது எங்ஙனம்?

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்களும் அவற்றில் இருந்தவர்களும் மண்ணுக்குள் போயினர். மக்கள் தாமே எழுப்பிய கோயிலும் உடன் போயிற்று. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. தமக்கென ஒரு துண்டு நிலமும் இல்லாதவர் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே போவது? சரிவு நிகழ்ந்த பின்னர் நாடெங்கிலுமிருந்து உதவி வந்து குவிந்தது. வடக்கிலிருந்தும் பொருள்கள் சேர்த்து அனுப்பினர். பல்கலைக்கழக மாணவரும் உண்டியல் ஏந்தினர். அந்தக் கருணையை எவரும் இழித்துரைக்கலாகாது. ஆனால் உடுப்பும் பாயும் பாத்திரமும் சில நாட்களில் வந்து சேர்ந்தன, நிலம் வரவில்லை. குடும்பங்கள் மாகல்தெனியவில் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலையில் அடைந்து கிடந்தன. எழுபத்தைந்து வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். ஏறத்தாழ ஈராண்டுகள்! இலட்சம் கைகள் கொடுத்ததை ஒரு நில அனுமதியின் தாமதம் செயலற்றதாக்கிற்று எனில், எங்கே அடைப்பு இருக்கின்றது என்பதை விளக்க வேறு சான்று வேண்டா.

இனி நம்மைப் பற்றி. ஆண்டுக்கொரு தடவை நாம் கொப்பியும் பென்சிலும் கட்டிக்கொண்டு மலையேறுகிறோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறோம். சங்கத்தின் பெயர் பொறித்த பதாகையைப் பின்னால் கட்டுகிறோம். படம் எடுத்துக்கொண்டு மாலை பஸ்ஸில் இறங்குகிறோம். வெளிநாட்டு நிதியில் இயங்கும் தாபனங்கள் செய்வதும் இதனைச் சற்றுப் பெரிய அளவில் செய்வதேயாகும். மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகை மட்டும் தேயிலைச் செடிகளுக்கிடையில் துருப்பிடித்து நிற்கும். இவற்றுள் எதுவும் அங்கே ஏற்கனவே உள்ள அந்த அப்பியாசக் கொப்பியைத் திறந்து பார்த்ததில்லை. உள்ளதைப் பேணாது, புதிதாக ஒன்றை நட்டுத் தம் பெயரைச் சூட்டுவதிலேயே எல்லோர்க்கும் நாட்டம். இதற்கு அறம் என்ற பெயர் தகாது. விளம்பரம் என்பதே தகும்.

செய்யக்கூடியது யாது? மரண உதவிச் சங்கங்கள் தொழிலாளரையே தலைவராகவும் பொருளாளராகவும் கொண்டு, தம் பெயரிலேயே பதிவு பெறவேண்டும். வங்கிக் கணக்கு அவர்கள் கையொப்பத்தில் இயங்கவேண்டும். பதிவுப் பத்திரங்களை எழுதிக்கொடுக்கவும், கணக்கு வைக்கும் முறையைக் கற்பிக்கவும் வர்த்தகமும் சட்டமும் பயிலும் நம் மாணவர்க்கு இரண்டு வார விடுமுறை போதும். காணி பற்றிய பேச்சோ ஒரு காலத்தில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்ற அளவில் சுருங்கியிருந்தது. ஏழு பேர்ச்சில் ஒரு வீடு நிற்கும், வாசிகசாலை நிற்குமா? ஒவ்வொரு புதுக்குடியிருப்பிலும் அம்மக்களின் சங்கத்துக்கென உறுதியுடன் ஒரு பொதுக்காணி ஒதுக்கப்பட வேண்டுமென்ற கோரிக்கையை நாம் எழுத்தில் முன்வைக்கலாம். 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பின்னர், பிரதேச சபைக்குச் சட்டத்தைக் காட்டித் தப்பும் வழியும் அடைபட்டுவிட்டது. ஹல்துமுல்லைப் பிரதேச சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கொஸ்லந்தத் தோட்டங்களுக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகின்றது என்று கேட்டு, வரும் ஆண்டு மலரில் அந்தத் தொகையை அச்சிடுவோமாக. கொப்பி வழங்கும் படத்தை அதற்காக ஒருமுறை விட்டுவிடலாம்.